மழையில் அழுகாத வண்ணம்

தென்னாபிரிக்கக் கிழங்குகளிலிருந்து பிறந்த கலப்பினப் பூக்களில் எவை இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நிலைக்கும்?

கிரைனம் லில்லி மாலையில்தான் மலரும். இரத்தினபுரிப் பக்கம் பிற்பகல் மழை ஓய்ந்து, கூரைத் தகரத்திலிருந்து கடைசித் துளிகள் சொட்டிக்கொண்டிருக்கும் வேளையில், முற்றிய மொட்டு ஒன்று விரலால் மெல்லப் பிரிக்கப்படுகிறது. உள்ளே ஆறு மகரந்தப் பைகள். வெடித்துத் தூள் சிந்துமுன் அவை இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்கப்படுகின்றன. நீண்ட சூல்தண்டு மட்டும் மிஞ்சுகிறது. அதன் நுனி பக்குவப்பட்டதும் வேறொரு செடியின் மகரந்தம் தூரிகையால் தடவப்படுகிறது. பிறகு காகிதக் குல்லாய் ஒன்று. காம்பில் நூலால் கட்டிய சீட்டில் தாயின் பெயர், பெருக்கல் குறி, தந்தையின் பெயர், திகதி.

இவ்வளவும் கூரைக்குக் கீழே நடக்க வேண்டும். பல பூக்களின் மகரந்தத் துகள் நீர் பட்டதும் உப்பி வெடித்துவிடும். ஒரு சாரல் அடித்தாலே கலப்பு வீண். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில் பூக் கலப்பின் முதல் எதிரி மழைதான். பூவைத் தாண்டி மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு வரைக்கும் அந்த எதிரி துரத்தி வருகிறது. சப்ரகமுவவில் தென்னாபிரிக்கக் கிழங்குகளைப் பற்றிப் பேசும்போது புதிய நிறம் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், மே மாத மழையில் கிழங்கு அழுகாமல் இருக்குமா என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் உண்டு. 2019 முதல் பெஸ்டலோஷியோப்சிஸ் என்ற பூஞ்சணம் இறப்பர் இலைகளை உதிர்த்து வருகிறது. 2021இல் செம்பனைப் பயிர்ச்செய்கைக்குத் தடை வந்தது. தேயிலைக்கும் இறப்பருக்கும் பக்கத்தில் சிறு நிலத்தில் வேறு எதை வளர்க்கலாம் என்ற பேச்சில் பூவும் இடம்பிடித்திருக்கிறது.

ஒரு நாடு, இரண்டு மழைக்காலம்

கிழங்காகவோ குமிழாகவோ மண்ணுக்கடியில் உணவைச் சேமித்து வைக்கும் செடியினங்கள் தென்னாபிரிக்காவில் 2,000க்கும் மேல் இருக்கின்றன. கிளாடியோலஸ் பேரினத்தில் மட்டும் 160க்கு மேற்பட்ட இனங்கள் தென் ஆபிரிக்கப் பகுதியில் வளர்கின்றன. பிரீசியா, நெரைன், லாச்செனாலியா, அகபாந்தஸ், கிளைவியா, நிறமுள்ள கால்லா லில்லி எல்லாவற்றுக்கும் பூர்வீகம் அங்கேதான்.

ஆனால் அந்த நாட்டில் மழை ஒன்றல்ல. தென்மேற்கே கேப் பகுதியில் குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி. அங்குள்ள கிழங்குகள் குளிரில் இலைவிட்டுப் பூத்து, வறண்ட மாதங்களைக் காய்ந்த மண்ணில் தூங்கிக் கழிக்கும். கிழக்கே நேட்டால் பக்கம் நிலைமை தலைகீழ்: மழை கோடையில், வறட்சி குளிர்காலத்தில்.

கேகாலைக்கு இந்த இரண்டு கணக்கும் சரியாகப் பொருந்தாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் இடைப்பருவ மழை. ஜனவரியும் பெப்ரவரியும் மட்டும் ஓரளவு காயும். மாதக்கணக்கில் உலர்ந்த தூக்கம் கேட்கும் மேற்குக் கேப் கிழங்கு இங்கே முதல் ஆண்டிலேயே கூழாகிவிடும். பிரீசியாவுக்கு மொட்டுக் கட்டவே ஏறக்குறைய 12 முதல் 15 பாகை வரையான குளிர் சில வாரங்களுக்குத் தேவை. தாழ்நிலத் தோட்டங்களில் எந்த மாதமும் அது கிடைக்காது. கடையில் வாங்கிய பிரீசியாக் கிழங்கு இலையோடு நின்றுபோவது வளர்ப்பவரின் குற்றமல்ல.

ஆக, பெற்றோரைக் கிழக்கில்தான் தேட வேண்டும். ஓரஞ்ச், வால் ஆற்றோரச் சேற்றில் வளரும் கிரைனம் பல்பிஸ்பர்மம். கரையோரக் காட்டு நிழலில் வளரும் கிரைனம் மூரெய். மரத்தடி மக்கில் வேர்பரப்பும் கிளைவியா. பந்துபோல் உருண்ட சிவப்புப் பூ விடும் ஸ்காடொக்ஸஸ். கோடை மழைப் புல்வெளிகளின் கிளாடியோலஸ் டலேனி. ஈரத்தோடு பழகிய கூட்டம் இது.

பெட்டிச் செய்தி: லயத்து முற்றத்துச் சிவப்பு லில்லி

சப்ரகமுவவில் லயங்களுக்கு முன்னாலும் கோயில் வாசலிலும் பூக்கும் பெரிய சிவப்பு லில்லியைப் பலர் ஆபிரிக்கப் பூ என்றே நினைக்கின்றனர். கடைகளிலும் அமரிலிஸ் என்ற பெயரில்தான் விற்கிறார்கள். அது ஹிப்பியாஸ்ட்ரம், தாயகம் தென் அமெரிக்கா. உண்மையான அமரிலிஸ் பெல்லடோனா கேப்பின் குளிர்கால மழைச் செடி. இங்கே பூக்க வைப்பது கடினம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் குழப்பம் பழையது. ஹிப்பியாஸ்ட்ரத்தின் முதல் கலப்பினத்தை 1799இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஜோன்சன் என்ற கடிகாரத் தொழிலாளி உருவாக்கினார். மழைக்கு முந்திப் பூத்துத் தரையை ஒட்டிக் கிடக்கும் மழை லில்லியும் அமெரிக்கக் கண்டத்ததே.

பாதிரியாரும் பூவும்

கேப் பகுதியிலிருந்து கப்பலேறிய கிழங்குகள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் பூத்தன. கலப்பு முயற்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடுபிடித்தது. 1823இல் செல்சியில் கொல்வில் என்பவரின் நாற்றுப்பண்ணையில் இரண்டு கேப் கிளாடியோலஸ் இனங்கள் கலந்தன. 1841இல் பெல்ஜியத்தின் வான் ஹூட், கென்ட் நகரின் பெயர் தாங்கிய காண்டவென்சிஸ் கலப்பினத்தை விற்பனைக்கு விட்டார். இன்று மாலை கட்டும் கடைகளிலும் மண்டப மேடைகளிலும் நிற்கும் நெடுங்கொத்துக் கிளாடியோலஸ் அந்த வழிவந்தது.

இந்தக் கலையின் தந்தை என்று சொல்லத் தக்கவர் வில்லியம் ஹேர்பெர்ட். மதகுருவான இவர் பின்னாளில் மான்செஸ்டரின் டீனாகவும் இருந்தார். 1837இல் அமரிலிஸ் குடும்பத்தைப் பற்றிப் பெருநூல் எழுதினார். வேறுவேறு இனங்கள் கலந்தால் மலட்டுப் பிள்ளைதான் பிறக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. ஹேர்பெர்ட் கேப்பின் கிரைனம் ஒன்றில் வேறு இனக் கிரைனத்தின் மகரந்தத்தைத் தடவினார். காயிலிருந்த ஒவ்வொரு சூலும் செடியானது. தன் மகரந்தத்தில் விளைந்த காயில்கூட அவர் அப்படிக் கண்டதில்லை. டார்வின் 1859இல் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் இந்தச் சோதனையைச் சான்றாக எடுத்துக்கொண்டார். கிரைனம் கலப்புக்கு எளிதில் இணங்கும் செடி என்பது 180 ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி; பூ வியாபாரம்தான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

கிளாடியோலஸின் கதையில் மழைக்காகவே நிற்க வேண்டிய ஓர் இடம் உண்டு. சாம்பேசி ஆற்றில் 1905இல் திறக்கப்பட்ட விக்டோரியா நீர்வீழ்ச்சிப் பாலத்தின் பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸ், அருவிச் சாரல் ஓயாமல் நனைக்கும் இடத்திலிருந்து மஞ்சள் கிளாடியோலஸ் கிழங்குகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அந்தப் பூவின் மேலிதழ் முன்னால் கவிந்து, மகரந்தப் பைகளுக்குக் கூரைபோல நிற்கும். கலப்பாளர்கள் அதன் மஞ்சளையும் ஓரஞ்சையும் எடுத்துக்கொண்டார்கள். கவிந்த இதழைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள், கண்காட்சி மேடையில் விரிந்த பூவுக்கே பரிசு என்பதால். மழைநாட்டுக் கலப்பாளர் ஒருவர் இருந்திருந்தால் முதலில் அந்தக் கூரையைத்தான் எடுத்திருப்பார்.

கிளைவியாவின் பெயர் தமிழருக்குப் பழக்கமான குடும்பத்திலிருந்து வந்தது. 1828இல் தாவரவியலாளர் லிண்ட்லி அதற்கு நோர்தம்பர்லாந்துக் கோமகள் சார்லட்டின் பிறந்த வீட்டுப் பெயரைச் சூட்டினார். அவர் ஆற்காட்டை முற்றுகையில் காத்த ராபர்ட் கிளைவின் பேத்தி. தந்தை எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தார். சிறுமி சார்லட்டும் அந்த நாட்களில் சென்னையில் வாழ்ந்து, தாயுடன் மைசூர், தஞ்சாவூர்ப் பக்கம் பயணம் செய்தவர்.

நிறம் எங்கிருந்து வருகிறது

பூவின் சிவப்பு, ஊதா, இளஞ்சிவப்பு அந்தோசயனின் என்ற நிறமியால் வருவன. மஞ்சளுக்கும் ஓரஞ்சுக்கும் கரோட்டினொயிட்டுகள். கிளைவியாவில் இரண்டும் சேர்ந்து செம்மஞ்சளாகின்றன; அந்தோசயனின் விடுபட்ட செடி மஞ்சளாகப் பூக்கும். மஞ்சளையும் செம்மஞ்சளையும் கலந்தால் முதல் தலைமுறை முழுவதும் செம்மஞ்சள்தான். அந்தப் பிள்ளைகளைத் தமக்குள் கலந்தால் நான்கில் ஒரு பங்கு மஞ்சள் எதிர்பார்க்கலாம். பூக்க நான்கைந்து ஆண்டு ஆகும் செடியில் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாற்றின் அடிப்பகுதி சிவந்திருந்தால் செம்மஞ்சள். பச்சையாகவே இருந்தால் பெரும்பாலும் மஞ்சள்.

எல்லாச் செடியும் இப்படி இணங்குவதில்லை. தென்னாபிரிக்கக் கிளாடியோலஸ் இனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் 30. இன்றைய பெரிய பூக் கலப்பினங்களுக்கு 60. காட்டினத்தை நேராகக் கலந்தால் மலட்டுப் பிள்ளைகள் வர வாய்ப்பு அதிகம். நிறமுள்ள கால்லாக்களை வெள்ளைக் கால்லாவோடு கலந்தால் பச்சையமே இல்லாத வெளுத்த நாற்றுகள் முளைத்து மடிகின்றன. சதுப்பில் செழிக்கும் வெள்ளையின் ஈரத் தாக்குப்பிடிப்பை வண்ணக் கால்லாவுக்குக் கொண்டுவர முடியாமல் போனதற்கு அதுவே காரணம். வண்ணக் கால்லா இன்றும் ஈரமண்ணில் மென்னழுகல் பக்டீரியாவுக்கு இரையாகிறது. கேகாலையில் அதை நடுவது பணத்தைக் கானுக்குள் போடுவதுதான்.

காட்டினத்தின் குரோமோசோமை இரட்டிப்பாக்கி அந்த எண்ணிக்கை வேறுபாட்டைத் தாண்டும் வழி 1937இல் தெளிவானது. அதற்கு உதவும் கொல்கிசின் என்ற இரசாயனம், சப்ரகமுவப் புதர்களில் கார்த்திகை மாதம் பூக்கும் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. கார்த்திகைப்பூ தென்னாபிரிக்காவுக்கும் இலங்கைக்கும் ஒருசேரச் சொந்தமான கிழங்குச் செடி. தை, மாசியில் உறங்கி மழையோடு எழும் பழக்கம் அதற்கு ஏற்கெனவே உண்டு. அதன் பெரும்பூ வகைகள் ஒல்லாந்திலும் ஜப்பானிலும் வெட்டுப்பூவாக விலைபோகின்றன. இலங்கையில் அது வேலியோரத்தோடு சரி.

விதை ஒன்று, கிழங்கு ஒன்று

கலப்பினத்தின் விதையை நட்டால் தாயைப் போல் பிள்ளை வராது. இதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. விதைத் தேயிலை நின்ற மலைகளில், துண்டு நட்டுப் பெருக்கும் வீ.பி. தேயிலை வந்த கதை அவர்கள் கையால் நடந்தது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தேர்ந்தெடுத்த 2025, 2026 போன்ற இலக்கங்கள் கொண்ட வகைகள், ஒற்றைத் தாய்ச் செடியின் துண்டுகளிலிருந்து பெருக்கப்பட்டவை. தாழ்நிலத்துக்கான ஆய்வு இரத்தினபுரிக்கு அருகே சென் ஜோக்கிம் தோட்டத்தில் நடக்கிறது. தவறணையில் ஓரிலைத் துண்டு நட்டு, நிழல்கட்டி, ஈரம் பார்த்து வேர்பிடிக்க வைக்கும் கைப்பழக்கம் இந்த மாவட்டங்களின் பெண்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது.

கிழங்கில் இதே வேலை வேறு வடிவம் எடுக்கும். குமிழை நெடுக்காக எட்டாகவோ பதினாறாகவோ வெட்டினாலும், ஒவ்வொரு துண்டிலும் வேர் புறப்படும் அடித்தட்டின் ஒரு பகுதி இருந்தால் அதில் சிறு குமிழ்கள் பிறக்கும். பூஞ்சணக்கொல்லியில் நனைத்து, ஈரம் மட்டான தும்புச் சோற்றில் மூடி வைக்க வேண்டும். வெட்டாமல் விட்டு, பக்கக் கன்று ஆண்டுக்கு இரண்டு தந்தால் ஒரு செடி மூன்றாகும். ஏழு ஆண்டில் கணக்குப்படி 2,187. சந்தை அவ்வளவு காலம் பொறுக்காது. திசு வளர்ப்பு வேகமானது. வைரஸ் இல்லாத கன்றும் அதில்தான் நிச்சயம். கத்தியில் ஒட்டிய சாறு வழியாகவே வைரஸ் பரவக்கூடிய செடிகள் இவை.

அருகில் பார்த்துக் கற்கத்தக்க முயற்சி பெங்களூரில் இருக்கிறது. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் கிளாடியோலஸில் பல வகைகளை வெளியிட்டது. 'வைல்ட் ரோஸ்' என்ற வகையின் கிழங்கைக் காமாக் கதிரில் காட்டிப் பெற்ற மாறுவகை 'சோபா'. 'தர்ஷன்', 'தீரஜ்' இரண்டும் புசேரியம் வாடல் நோயைத் தாங்கும் வகைகள். சப்ரகமுவவுக்கு இதழின் நிறத்தைவிட இந்தக் கடைசி இரண்டின் குணமே முக்கியம். சூடான ஈரமண்ணில் கிளாடியோலஸைத் தின்பது அந்தப் பூஞ்சணம்தான். ஆனால் ஏறக்குறைய 900 மீற்றர் உயரத்தில், ஆண்டு மழை 1,000 மில்லிமீற்றர் அளவில் தேறியதை அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நனையும் மண்ணில் அப்படியே நம்பிவிட முடியாது. சோதனைப் பாத்தி முதலில் இங்கே போடப்பட வேண்டும்.

எந்த மலையில் எது

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரித் தாழ்நிலத்து இறப்பர் நிலங்களில் கிரைனம்தான் முதல் தெரிவு. தென்னாபிரிக்கப் பெற்றோர் இருவரிலிருந்து பிறந்த பவலி கலப்பினம் நூறாண்டைத் தாண்டியும் உலகத் தோட்டங்களில் நிற்கிறது. வெக்கையும் ஈரமும் மிகுந்த புளோரிடாவில் லூயிஸ் பொசன்கெற் உருவாக்கிய ஒயின் நிற 'எலன் பொசன்கெற்' இந்தக் காலநிலைக்கு இன்னும் நெருக்கமானது. இலங்கைக்குச் சொந்தக் கிரைனங்களும் உண்டு. வெள்ளை இதழில் சிவப்புக் கோடோடிய சிலோனிக்கம் இனம் இந்தத் தீவின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆபிரிக்கத் தாய்க்கும் இந்தத் தந்தைக்கும் இங்கேயே கலப்பு செய்யலாம். கிரைனம் விதை சதைப்பற்றானது; மண்ணே இல்லாமல் மேசையில் கிடந்தும் முளைவிடும். காயவைத்துச் சேமிக்க முடியாது என்பது மற்ற ஊர்களில் குறை. எப்போதும் ஈரமான ஊரில் அது ஒரு பிரச்சினையே அல்ல.

பலாங்கொடைக்கு மேலே பெட்டியாகலை, ராசகலை, நன்பேரியல் போன்ற உயர்ந்த தோட்டங்களில் இரவு குளிரும். கிளைவியாவுக்கும் அகபாந்தஸுக்கும் அந்தச் சரிவுகளே இடம். கிளைவியா நிழல் கேட்கும் செடி என்பதால் நிழல்மரத்தடி வீணாகாது.

கிளாடியோலஸுக்கு ஒரே ஒரு சன்னல்தான் திறக்கிறது. இடைப்பருவ மழை ஓய்ந்து டிசெம்பர் கடைசியில் உயர்த்திய பாத்தியில் நட்டால், வகையைப் பொறுத்து 70 முதல் 100 நாளில் பூ. மார்ச்சில் வெட்டலாம். சிவனொளிபாதமலைப் பருவம் நடக்கும், சித்திரைப் புத்தாண்டு நெருங்கும் காலம். அதற்குப் பிறகுதான் சிக்கல்.

கிழங்கு கிண்டினால் மண்ணும் கிளம்பும்

கிளாடியோலஸ் கிழங்கைப் பூவுக்குப் பின் ஆறேழு வாரம் விட்டுத் தோண்டி எடுக்க வேண்டும். அந்தக் கணக்கு ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ வந்து விழுகிறது. தென்மேல் பருவமழை தொடங்கும் அதே நாட்களில் சரிவின் மேல்மண் முழுவதும் கிளறிக் கிடக்கும். 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மண்சரிவு உயிர்களைக் கொண்டுபோனதை இந்த மாவட்டங்கள் மறக்கவில்லை. ஒரு பூப்பாத்தி மலையைச் சரிக்காது என்றாலும், மேல்மண் கானில் ஓடிப்போவது நிச்சயம். தோண்டவே தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் வேரூன்றி நிற்கும் கிரைனமும் கிளைவியாவும் சரிவுக்கு ஏற்றவை. கிளாடியோலஸ் சமதரைப் பாத்திக்கும் சாடிக்கும் உரியது. எடுத்த கிழங்கை உலர்வாக வைப்பதும் இங்கே லேசான வேலை இல்லை. சுவரே வேர்க்கும் ஊரில் குளிர்பதன அறை இல்லாமல் பாதிக் கிழங்கு பூஞ்சணத்துக்குப் போகும்.

உழைப்பின் கணக்கு அடுத்தது. 2024 செப்டெம்பரில் தேயிலை, இறப்பர்த் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபாய் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பால்வெட்டு காலையோடு முடிகிறது. மழை பெய்தால் அதுவும் இல்லை. பிற்பகல் நேரம் இருக்கிறது, நிலம்தான் இல்லை. லயத்தில் வாழும் குடும்பத்துக்கு முற்றத்து மண்கூடத் தோட்ட நிர்வாகத்துடையது. விதையிலிருந்து கிரைனம் பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும் என்னும்போது, எழுத்தில் உரிமை இல்லாத இடத்தில் அவ்வளவு நாள் காத்திருப்பவர் எவருமில்லை. சாடியில் வளர்த்து, கலப்பும் பெருக்கமும் ஒரு பொதுத் தவறணையில் நடந்து, கன்றாகவே விற்பதுதான் நிலமில்லாதவருக்குக் கைகொடுக்கும் வழி. 1995இல் அமைந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞான பீடம் பெலிஹுல்ஓயாவிலேயே இருக்கிறது. 2014இல் திறந்த சீதாவக்கை ஈரவலயத் தாவரவியல் பூங்கா அவிசாவளையில். இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது சோதனைப் பாத்திக்கு வேறிடம் தேட வேண்டியதில்லை.

விலை மயக்கத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. 1984இல் சீனாவின் சாங்சுன் நகரம் கிளைவியாவைத் தன் நகர மலராக்கியது. அந்நாட்களில் ஒரு செடிக்கு மக்கள் ஆண்டுச் சம்பளங்களைக் கொட்டினார்கள். வெகுவிரைவில் விலை சரிந்து செடிகள் தேடுவாரற்றுப் போயின. வாங்குபவர் எல்லாரும் விற்பதற்கே வாங்கினால் பூவுக்கும் அதே கதிதான்.

பெட்டிச் செய்தி: கை கழுவ மறக்கக் கூடாது

கிரைனம், கிளைவியா, ஸ்காடொக்ஸஸ் மூன்றிலும் லைக்கொரின் என்ற நச்சு உண்டு. குமிழை வெங்காயம் என்று எண்ணிச் சமைத்தால் கடும் வாந்தி. ஆடு, மாடு மேயும் இடத்தில் வெட்டிய துண்டுகளைப் போடக் கூடாது. கால்லாவின் சாறு வாயையும் தோலையும் அரிக்கும். கார்த்திகைப்பூக் கிழங்கு இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் சாடியில் வைக்கவே கூடாது.

அழகு அத்துமீறும்போது

மழையைத் தாங்கும் கலப்பினத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பிரான்சின் லெமொவான் 1880 வாக்கில் இரண்டு ஆபிரிக்க இனங்களைக் கலந்து உருவாக்கிய செம்மஞ்சள் குரோகொஸ்மியா, ஈரநாடுகளில் வேலி தாண்டியது. பிரித்தானியாவில் அதைக் காட்டுவெளியில் நடுவது சட்டப்படி குற்றம். நியூசிலாந்திலும் அது களை. வெள்ளைக் கால்லா மேற்கு அவுஸ்திரேலியாவின் ஓடைகளை அடைத்தது. சப்ரகமுவவின் ஓடைகள் சிங்கராஜாவையும் சிவனொளிபாதமலைக் காட்டையும் தொட்டு வருபவை. ஓடைக்கரையில் செழிக்கும் கிரைனத்தை நடுபவர் அதன் விதை மிதக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பூ வாடியதும் காயைக் கிள்ளிவிடுவது, அல்லது விதை கட்டாத மலட்டுக் கலப்பினத்தையே பரப்புவது எளிய காப்பு. கலப்பாளர்கள் குறையாகப் பார்க்கும் மலட்டுத்தன்மை இங்கே தகுதியாகிறது.

வெளிநாட்டிலிருந்து பெற்றோர்ச் செடி கொண்டுவருவது 1999ஆம் ஆண்டு 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. இறக்குமதி அனுமதி, ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழ், கட்டுநாயக்கத் தாவரத் தடுப்புக்காப்பு நிலையத்தின் பரிசோதனை எல்லாம் வேண்டும். பயணப் பெட்டியில் சுருட்டிக் கொண்டுவரும் ஒரு கிளாடியோலஸ் கிழங்கோடு, தென்னாபிரிக்காவிலேயே தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவிய துரு நோயும் இறங்கலாம்.

தென்னாபிரிக்காவும் இன்று தன் கிழங்குகளைச் சும்மா விடுவதில்லை. இருநூறு ஆண்டு கேப் கிழங்குகள் ஐரோப்பாவில் பணமானபோது தாயகத்துக்குக் காசு திரும்பியதில்லை. 1965இல் பிரிட்டோரியாவுக்கு அருகே ரூடிபிளாட் ஆய்வு நிலையம் லாச்செனாலியாவைத் தானே கலந்து சாடிச் செடியாக்கத் தொடங்கியது; 1990களின் இறுதியில் அது உலகச் சந்தைக்கு வந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்த வேலை. 2004இல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி, அந்நாட்டுக் காட்டுச் செடியிலிருந்து வணிக வகை உருவாக்க அனுமதியும் பயன்பகிர்வு ஒப்பந்தமும் தேவை. ஏற்கெனவே நாற்றுப்பண்ணைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பவலி, எலன் பொசன்கெற் போன்ற பழைய கலப்பினங்களைத் தாயாகவும், இலங்கையின் சொந்தக் கிரைனத்தைத் தந்தையாகவும் வைத்துத் தொடங்கினால், காட்டுச் செடிக்கான அந்த அனுமதியைத் தேடிப் போகும் வேலை மிச்சம்.